தென்காசியில் கண்ட கங்கண கிரகணம்

அறியாமை அச்சத்தை ஈனும். அச்சம் மூடப் பழக்கத்தை வளர்க்கும். வானில் நிகழ்வனவற்றுள் மாந்தரை மிகுதியும் அஞ்சச் செய்தது சூரிய கிரகணமே எனலாம். ஆயினும், நாளும் நேரமும் இடமும் பல ஆண்டுகட்கு முன்னரே கணித்துச் சொல்லத்தக்க நிகழ்ச்சியும் அதுவே. முன்கூட்டிக் கணித்தறியப்படும் ஒன்றைக் கண்டு அஞ்சுவது ஏன்? அதில் உண்மையாகவே அஞ்சத்தக்கது ஏதேனும் உண்டாயின், அது யாது? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். 2010-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் குற்றாலத்திலும் தென்காசியிலும் நாம் நேரிற் கண்டவற்றைத் துணையாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கிரகணம் நிகழும் முறை

சந்திரன் பூமியைச் சுற்றி வருகையில், அமாவாசையன்று சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட திசையில் நிற்கிறது. ஆயின், ஒவ்வோர் அமாவாசையிலும் கிரகணம் நேர்வதில்லை. சந்திரன் செல்லும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. ஆதலின் பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரன் சூரியனுக்கு வடக்காகவோ தெற்காகவோ விலகிக் கடந்துவிடும். அவ்விரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களையே கணித நூலார் இராகு, கேது என்று குறித்தனர். அவ்விடங்களுள் ஒன்றன் அருகில் அமாவாசை நேருங்கால், சந்திரனின் நிழல் பூமியின்மேல் விழுகிறது. அந்நிழலுள் நிற்போர்க்குச் சூரியன் மறைந்து தோன்றுகிறது.

சூரியன் குறுக்களவில் சந்திரனைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. நம்மிடமிருந்து அது நிற்கும் தொலைவும் சந்திரனின் தொலைவைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. ஆதலால் இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. ஆனால் சந்திரனின் தொலைவு மாறிக்கொண்டே இருப்பது. மிக அருகில் வருங்கால் ஏறத்தாழ 3,57,000 கிலோமீட்டர். மிக விலகுங்கால் ஏறத்தாழ 4,06,000 கிலோமீட்டர். அருகில் உள்ளபோது கிரகணம் நேர்ந்தால் சந்திரன் சூரியவட்டத்தை முற்றும் மூடும். அது முழுக் கிரகணம். விலகி உள்ளபோது நேர்ந்தால், சந்திரவட்டம் சிறிதாதலின், சூரியனின் விளிம்பு மூடப்படாமல் ஒளி வளையமாக எஞ்சும். வளை போன்ற தோற்றம் உடைமையால் அது கங்கண கிரகணம் எனப் பெயர் பெற்றது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு நம் நாட்டிற்குக் கிட்டிற்று. 2009 சூலை 22 அன்று சூரத்து, வாரணாசி, பாட்னா ஆகிய நகரங்களின் வழியே முழுக் கிரகணத்தின் நிழல் சென்றது. அன்று சந்திரன் அருகில் இருந்தது. ஆறு சந்திர மாதங்கள், அதாவது 177 நாட்கள் கழித்து, 2010 சனவரி 15 அன்று சந்திரன் விலகி இருந்தது. சனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால் சூரியனும் சற்றுப் பெரிதாகத் தோன்றியது. எனவே அன்று நேர்ந்தது கங்கணம். இந்தியப் பெருங்கடலின் ஓரிடத்தில் அவ்வளையம் 11 நிமிடம் 8 நொடி நின்றது. இத்துணை நீண்ட கங்கண கிரகணம் இனி 3043-ஆம் ஆண்டில்தான் நிகழும்.

ஆப்பிரிக்காவில் தொடங்கிய அந்நிழல், மாலத்தீவைக் கடந்து, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் எனச் சென்று, மியன்மார் வழியே சீனத்தை அடைந்தது. நடுக்கோட்டின் அருகிலுள்ள கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் வளையம் ஏறத்தாழப் பத்து நிமிடம் தோன்றியது. அறிவியலாளர் பலர் அங்கு முகாமிட்டனர். தும்பாவிலிருந்து இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு இராக்கெட்டுகளைச் செலுத்தியது. தென்காசி நடுக்கோட்டிற்கு வடக்கே விலகி இருப்பினும் கங்கணப் பாதைக்குள்ளேயே அமைந்திருந்தது.

ஒரு வீட்டின் கட்டளை

நாமும் உடன்வந்த அன்பர் ஒருவரும் முன்னாள் மாலையே தென்காசி சேர்ந்து, நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினோம். அந்நாளில் தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019-இல். நண்பர் பள்ளி ஆசிரியர். அவருடைய மகள் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். நண்பரின் தம்பி மகன், கல்லூரியில் பயிலும் இளைஞன், பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தான். இவர்கள் எல்லார்க்கும் மேலாக எண்பது வயது கடந்த ஆச்சி ஒருவர் இருந்தார். அவ்வீட்டில் அவர் சொல்லே சட்டம்.

அன்றிரவு ஆச்சி கட்டளைகளை அறிவித்தார். காலை பத்து மணிக்குமேல் அடுப்பு எரியலாகாது. கதவும் சன்னலும் சாத்தப்பட வேண்டும். கருவுற்ற பெண் உள்ளறையில் அசையாது படுத்திருக்க வேண்டும். கத்தியோ ஊசியோ தொடலாகாது. கிரகணம் விட்டுக் குளித்த பின்னரே உண்ணவும் பருகவும் வேண்டும்.

“தண்ணீர் கூடவா குடிக்கக் கூடாது, ஆச்சி?” என்று வினவினோம்.

“எங்க அம்மையும் அப்படித்தான் இருந்தாக; நானும் அப்படித்தான் இருந்தேன். குறையில்லாமல் ஆறு பிள்ளை பெத்தேன்” என்றார்.

அவர் சொல்லில் பகையில்லை. பேத்தியின் வயிற்றில் வளரும் உயிருக்கு ஊறு நேரலாகாது என்னும் அன்பே இருந்தது. மூட நம்பிக்கை எனப்படுவனவற்றுட் பல இவ்வாறு அன்பினின்றே பிறக்கின்றன. ஆதலின் அவற்றை எள்ளி நகையாடி நீக்குதல் இயலாது. அன்பைப் போற்றி, அச்சத்திற்குரிய காரணத்தை மட்டும் மெல்ல அகற்றுதல் வேண்டும்.

கிரகணத்தால் கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு நேரும் என்பதற்கு மருத்துவச் சான்று ஒன்றும் இல்லை. நெடுநேரம் நீரும் உணவும் இன்றி இருப்பதே கருவுற்றார்க்குத் தீங்கு. இதனை நண்பரும் நாமும் பணிவுடன் எடுத்துரைத்தோம். ஆச்சி நெடுநேரம் வாளா இருந்தார். பின்பு, “தாகம் எடுத்தால் தண்ணி மட்டும் குடிக்கட்டும்” என்றார். அவ்வளவில் அன்றிரவு உரையாடல் நின்றது.

குற்றாலத்தில்

மறுநாள் வெள்ளிக்கிழமை; மாட்டுப் பொங்கல்; தை அமாவாசையும் அன்றே. ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்திற்குக் காலையிலேயே சென்றோம். ஆனி, ஆடி மாதச் சாரல் காலத்துப் பெருக்கு இல்லாவிடினும் பேரருவியில் நீர் விழுந்துகொண்டிருந்தது. முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்ற வந்தோரும், மகரவிளக்குக் கண்டு மீளும் ஐயப்ப பக்தர்களுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது.

பதினொரு மணி கடந்ததும் சூரியவட்டத்தின் ஓரத்தில் கறுப்பு நுனி தோன்றியது. கிரகணம் காண்பதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடிகள் நான்கு கொண்டுசென்றிருந்தோம். அவற்றின் வழியே அருகிலிருந்தோர் முறைவைத்து நோக்கினர். கிரகணம் பற்றும் வேளையில் நீராடினால் புண்ணியம் என்று சிலர் அருவியில் நின்றனர். வேறு சிலர் வீடு சென்று கதவடைக்க விரைந்தனர். ஒரே நிகழ்ச்சி ஒருவரை நீருக்குள் அனுப்புகிறது. மற்றொருவரை அறைக்குள் அனுப்புகிறது. இருவரும் நிமிர்ந்து நோக்கவில்லை என்பதை எண்ணிக்கொண்டோம்.

அருவிக்குச் செல்லும் வழியில் மரங்கள் அடர்ந்த நிழலில் ஒரு காட்சி எம்மை நிறுத்தியது. இலைகளின் இடைவெளி வழியே தரையில் விழும் ஒளிப்புள்ளிகள் அனைத்தும் பிறை வடிவு கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான பிறைகள்! காற்றில் இலை அசைய அவையும் அசைந்தன. நாள்தோறும் மரநிழலில் நாம் காணும் வட்ட ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றும் சூரியனின் படமே. இலைகளின் சிறு சந்து ஊசித்துளைபோல் நின்று சூரியனின் உருவைத் தரையில் வீழ்த்துகிறது. சூரியன் வட்டமாக இருக்கும் நாளில் நாம் அதனை உணர்வதில்லை. அது பிறையாகும் நாளிலேயே உணர்கிறோம்.

இதற்குக் கணக்கும் எளிது. துளைக்கும் தரைக்கும் இடைத்தொலைவு ஒரு மீட்டராயின், சூரியனின் படம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஐந்து மீட்டர் உயரத்துக் கிளையிலிருந்து விழுவது நான்கரை சென்டிமீட்டர் அகலம். அன்று சூரியன் சற்றுத் தெற்கே சாய்ந்திருந்தமையால் படங்கள் சிறிது நீண்டு தோன்றின.

தென்காசியில் வளையம்

நண்பகல் கடந்து தென்காசிக்கு மீண்டோம். தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. வெயிலின் தன்மை மாறியிருந்தது. அது மாலை வெயிலின் செம்மையும் அன்று, மேகமூட்டத்தின் மங்கலும் அன்று. உச்சிவேளையின் வெண்மை குன்றாமலே ஒளி மட்டும் குறைந்திருந்தது. வெம்மையும் தணிந்திருந்தது.

வீட்டின் பின்கட்டில் முருங்கை மரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் ஒளிப்பிறைகள் மெலிந்துகொண்டே வந்தன. நாம் கதவருகே சென்று, “ஆச்சி, வானத்தைப் பார்க்க வேண்டாம். வாசற்படியில் நின்று தரையை மட்டும் பாருங்கள்” என்றோம்.

“தரையைப் பார்க்கிறதுல என்ன வந்தது?” என்று கூறியபடியே ஆச்சி தாழ்ப்பாளை நீக்கினார். ஒன்றேகால் மணியை ஒட்டி முருங்கை நிழல் முழுவதும் வளையங்களாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாகவும், கோத்து வைத்தாற்போலவும் எண்ணற்ற ஒளிவளையங்கள் மண்ணிற் கிடந்தன. ஆச்சி குனிந்து, தம் கையை நீட்டினார். அவருடைய உள்ளங்கையில் ஒரு வளையம் விழுந்தது. சிறிது நேரம் அதையே நோக்கியிருந்தவர், உள்ளறையை நோக்கிப் பேத்தியின் பெயரைச் சொல்லி அழைத்தார். “வா தாயீ, நீயும் வந்து பாரு. ஒண்ணும் செய்யாது” என்றார். நாம் அன்று கண்ட காட்சிகளுள் இதுவே தலையாயது.

கண்ணாடி வழியே நோக்கியபோது வளையம் எப்புறமும் ஒரே தடிப்பினதாக இல்லை. வடபுறம் தடித்தும் தென்புறம் மெலிந்தும் இருந்தது. நடுக்கோடு தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் சென்றமையே இதற்குக் காரணம். சில நிமிடங்களில் வளையம் உடைந்து மீண்டும் பிறையாயிற்று. மூன்று மணி கடந்து சூரியன் முழுமையாக விடுபட்டது.

அஞ்சத்தக்கது எது?

இவ்வளவோடு முடிந்திருப்பின் இப்பாடம் இனிய நினைவாக மட்டும் நின்றிருக்கும். ஆயின் நாம் பின்கட்டில் ஆச்சியோடு நின்ற வேளையில், நண்பரின் தம்பி மகன் மாடியில் இருந்தான். எக்ஸ்ரே படத்தின் துண்டு ஒன்றைக் கண்ணில் வைத்துச் சூரியனை நோக்கியிருக்கிறான். வளையம் தோன்றிய வேளையில், ஒளிதான் குறைந்துவிட்டதே என்று அதனையும் நீக்கிவிட்டு வெறுங்கண்ணால் நோக்கியிருக்கிறான். அப்போது வலி ஒன்றும் தோன்றவில்லை. மறுநாட் காலை நாளிதழைப் பிரித்தவன், தான் நோக்கும் எழுத்தின்மேலேயே ஒரு மங்கற்புள்ளி நிற்கிறது என்றான். கண் மருத்துவர் விழித்திரையில் சூரிய ஒளியால் நேர்ந்த காயம் என்றார். சில மாதங்களில் அது பெரிதும் தேறியது, முற்றும் நீங்கிவிடவில்லை.

இதில் நம் பிழையும் உண்டு. நம்மிடம் கண்ணாடிகள் நான்கு இருந்தன. அஞ்சியிருந்த ஆச்சிக்கு விளக்கம் சொல்வதில் முனைந்த நாம், அஞ்சாதிருந்த இளைஞனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன், அறிந்திருப்பான் என்று எண்ணிவிட்டோம். மிகை அச்சம் ஒருத்தியைத் தாகத்தில் கிடத்த இருந்தது. அறியாத துணிவு ஒருவனுடைய கண்ணைப் பழுதாக்கியது. இரண்டும் அறியாமையின் இரு முகங்களே.

இங்கு நெஞ்சிற் கொள்ள வேண்டிய உண்மைகள் சில உள. கிரகணச் சூரியன் புதிய நச்சுக்கதிர் எதனையும் வீசுவதில்லை. என்றும் உள்ள அதே கதிர்தான். மற்ற நாட்களில் கூச்சம் தாளாமல் நாம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகணத்தின்போது கூச்சம் குறைவதால் நெடிது நோக்குகிறோம். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லையாதலின் காயம் நேருங்கால் தெரிவதில்லை. சில மணி நேரம் கழிந்தே தெரியும்.

2010-இல் வளையம் நிறைந்திருந்தபோதும் சூரிய ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4,00,000 மடங்கு ஒளி மிக்கது. எஞ்சிய ஆறில் ஒரு பங்கும் அறுபதாயிரம் முழுநிலவுகட்கு மேற்பட்டதாகும். அதனை வெறுங்கண்ணால் நோக்கலாமோ? முழுக் கிரகணத்தில் சூரியவட்டம் முற்றும் மூடப்பட்ட சில நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் நோக்கலாம். அப்போதே சூரியனைச் சூழ்ந்த வெண்ணிற ஒளிமண்டிலம் தெரியும். அதன் முன்னும் பின்னும் ஆகாது. கங்கண கிரகணத்திலும் பகுதிக் கிரகணத்திலும் ஒரு நொடியும் ஆகாது.

புகைபிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், பழைய ஒளிப்படச் சுருள், குளிர்கண்ணாடி, குறுந்தகடு ஆகியவை ஒளியை மங்கச் செய்யுமேயன்றிக் கண்ணைக் காவா. வாளி நீரிலும் மஞ்சள் நீரிலும் சூரியனின் பிம்பத்தை நோக்குவதும் தகாது. நீர் நூற்றில் இரண்டு பங்கு ஒளியையேனும் திருப்பி அனுப்பும். பாதுகாப்பான கண்ணாடியோ முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒளியை உள்ளே விடும். அத்தகைய கண்ணாடிகள் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் தர எண் உடையன. கீறலோ துளையோ இருப்பின் அவற்றையும் விலக்குக. உருக்கி ஒட்டுவோர் பயன்படுத்தும் 14-ஆம் எண் கண்ணாடியும் ஏற்றது. இவையொன்றும் இல்லாதார், அட்டையில் ஊசித்துளை இட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெள்ளைத் தாளில் விழும் படத்தைக் காண்க. மரநிழல் யாவர்க்கும் உரியது. அதற்குப் பொருட்செலவும் இல்லை.

முன்னோர் கணக்கு

கிரகண அறிவு மேலைநாட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் நூலில், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று தெளிவாக உரைத்தார். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதரின் திறம் ஐரோப்பியரை வியக்க வைத்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் ஒரு தமிழ்க் கணிதரைப் பற்றி எழுதினார். அவர் எழுதுகோலின்றி, சோழிகளைத் தரையில் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, அவ்வாண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை சில நிமிடங்களே.

1871 திசம்பர் 12 அன்று தமிழகத்தின் ஊடே முழுக் கிரகணத்தின் நிழல் சென்றது. நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்கள் அதன் பாதையில் இருந்தன. பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் நீலகிரிக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அவிநாசிக்குச் சென்றார். இத்தகைய மரபுடைய நாட்டில், 1980 பிப்ரவரி 16 அன்று முழுக் கிரகணம் நேர்ந்தபோது நகரத் தெருக்களும் வெறிச்சோடின. கணக்கு நம்மிடையே இருந்தது. கணக்கின் பயன் வீடுகளை எட்டவில்லை.

ஆகமங்கள் காட்டும் நெறி

இனி நம் நூல்கள் கூறுவதை நோக்குவோம். சுவேதாம்பர மரபின் அங்க நூலாகிய பகவதி சூத்திரத்தில் இராகுவைப் பற்றிய வினா ஒன்று வருகிறது. இராகு சந்திரனை விழுங்குகிறான் என்று மக்கள் சொல்லுகிறார்களே, உண்மையோ என்று கௌதம சுவாமி கேட்கிறார். அவ்வாறு சொல்வது பிழை என்றும், நேர்வது மறைத்தலே என்றும் பகவான் மகாவீரர் விடை பகர்கிறார். திகம்பர மரபில், பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர ஆசாரியர் தம் திரிலோகசாரத்தில், சந்திர சூரிய விமானங்களின் கீழே செல்லும் கரிய விமானங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பருவ நாளில் அவற்றை மறைக்கும் என்று உரைக்கிறார். 2009 சூலைக்கும் 2010 சனவரிக்கும் இடைப்பட்ட காலம் ஆறு சந்திர மாதங்களே என்பதை ஈண்டு நினைவு கூர்க.

நூல்கள் கூறும் விமானமும் இன்றைய வானியல் அளந்து காட்டும் சந்திரனும் ஒன்றே என்று வலிந்து பொருத்துதல் நம் கருத்தன்று. இன்றைய அளவீடு வேறு. பண்டை வருணனை வேறு. ஆயினும் ஒரு செய்தியில் இரண்டும் உடன்படுகின்றன. ஒளி விழுங்கப்படுவதில்லை, அழிவதும் இல்லை. இடையில் ஒன்று வந்து மறைக்கிறது, பின்பு விலகுகிறது. விழுங்கப்பட்டது என்று எண்ணுவோர்க்கே அச்சம் உண்டு. மறைக்கப்பட்டது என்று அறிந்தோர்க்கு அது கண்டு கற்றற்குரிய காட்சியாகும்.

கி.பி. 959-இல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி, மூடங்களை எண்ணுமிடத்துக் கிரகண நீராட்டையும் சேர்த்துள்ளார். இது பிறர் வழிபாட்டைப் பழித்தற்கு நாம் கொள்ளும் கருவியன்று. சிராவகர் தம் இல்லத்தில் தம்மைத் தாமே வினவிக்கொள்வதற்கு உரியது. மூலாசாரம் கிரகண வேளையைச் சித்தாந்த நூல் ஓதுவதற்குத் தகாத வேளைகளுள் ஒன்றாக வைக்கிறது. அது ஓதும் முறைக்குரிய ஒழுங்கு. கருவுற்றாரை நீரின்றி இருத்துக என்றோ, சிறாரை இருட்டறையில் அடைக்க என்றோ அங்கு விதி இல்லை.

மறைத்தல் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஞானாவரணீயம், தரிசனாவரணீயம் என்னும் வினைகளின் பெயரிலேயே ‘ஆவரணம்’ நிற்கிறது. ஞானாவரணீயத்திற்குத் துணித்திரையை உவமை கூறுவர் ஆசாரியர். மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள நிகோத உயிரிடத்தும் அறிவின் நுண்ணிய கூறு ஒன்று என்றும் மூடப்படாமல் நிற்கும் என்றும் கோம்மடசாரம் கூறுகிறது. மூடியபின்னும் எஞ்சி நின்ற வளையத்தை முருங்கை நிழலில் கண்டபோது இக்கருத்து நம் உள்ளத்தில் எழுந்தது. எண்பது ஆண்டுப் பழக்கம் மூடியிருந்த ஆச்சியின் உள்ளத்திலும் தாழ்ப்பாளை நீக்கும் அறிவு எஞ்சியே இருந்தது அன்றோ!

இனி வரும் வாய்ப்பு

2019 திசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை வழியே மற்றொரு கங்கண நிழல் சென்றது. தென்காசியில் அன்று பகுதிக் கிரகணமே தெரிந்தது. 2031 மே 21 அன்று நண்பகலை ஒட்டி, கேரளத்தின் தென்பகுதியையும் தமிழகத்தின் தென்மாவட்டங்களையும் கடந்து இன்னொரு கங்கண கிரகணம் நிகழ உள்ளது. தென்காசியும் குற்றாலமும் அப்பாதையிலோ அதன் மிக அருகிலோ அமையும். மே மாத இறுதி பருவமழைக்கு முற்பட்ட காலமாதலின் மலைப்பக்கத்தில் மேகம் மறைத்தலும் கூடும். முழுக் கிரகணம் காண விழைவோர் 2034 மார்ச் 20 அன்று நாட்டின் வட எல்லையாகிய காசுமீர், இலடாக்குப் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

அன்று வயிற்றிலிருந்த குழந்தை குறையின்றிப் பிறந்து, வளர்ந்து, ஆச்சி இருந்த வீட்டிலேயே விடுமுறைகளைக் கழிக்கிறாள். 2031-இல் அவளுக்கு இருபத்தொரு வயது நிறைந்திருக்கும். அவள் முருங்கை நிழலில் நின்று தன் உள்ளங்கையில் வளையத்தை ஏந்துவாளாக. அருகிலிருப்போர் கையில் தக்க கண்ணாடி உண்டோ என்பதையும் முதலில் பார்ப்பாளாக.

சிந்திக்க

1. ஒவ்வோர் அமாவாசையிலும் சூரிய கிரகணம் நிகழாமைக்குக் காரணம் யாது?
2. முழுக் கிரகணத்திற்கும் கங்கண கிரகணத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சந்திரனின் தொலைவு கொண்டு விளக்குக.
3. எக்ஸ்ரே படத்தின் வழியே சூரியனை நோக்குதல் தகாது என்பது ஏன்?
4. நும் இல்லத்தில் கிரகணத்தன்று கைக்கொள்ளப்படும் பழக்கங்களைத் தொகுத்து, அன்பினின்று வந்தவை எவை, அச்சத்தினின்று வந்தவை எவை எனப் பிரித்து நோக்குக. எவற்றைக் காக்கலாம், எவற்றை விடலாம் என்று மூத்தோருடன் அமர்ந்து உரையாடுக.